கை இறுகியதை யாரும் கேட்கவில்லை

தொண்ணூறுகளின் நடுவில், காரைக்குடிக்குப் பக்கத்தில் ஓர் அரசு மருத்துவமனையில் நான் மருந்து கொடுப்பவன். மனநோயாளிகளைப் பார்க்க மதுரையிலிருந்து ஒரு டாக்டர் வாரம் ஒருநாள் வருவார். வாசல் வரை நிற்கும் கூட்டத்தை மதியத்துக்குள் பார்த்து முடிக்க வேண்டும். அவருக்குத் துணை ஒரே ஒரு நர்ஸ். என்னைவிடப் பத்து வயது இளையவர்.

அந்த நர்ஸ் வந்த முதல் மாதமே நோயாளிகளின் பழைய சீட்டுகளை விரித்துவைத்துக்கொண்டு உட்கார்ந்தார். நிறையப் பேர் இரண்டு மூன்று மாதத்தோடு வராமல் நின்றிருந்தார்கள்.

“கோயிலுக்கு மந்திரிக்கப் போயிருப்பாக” என்றேன்.

“போயிக் கேட்டாத்தான சார் தெரியும்?”

ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்த கையோடு நேமத்தான்பட்டிக்குப் புறப்பட்டுவிட்டார். அது என் ஊர்ப்பக்கம் என்பதால் நானும் கூடப் போனேன். அங்கே ஒரு கொத்தனார் மருந்தை நிறுத்தியிருந்தார். மாத்திரை போடுவதாக முதலில் சாதித்தார். நர்ஸ் அதட்டவில்லை.

“மாத்திரை போட்டப்ப உடம்பு எப்படிண்ணே இருந்துச்சு?”

“காதுல கேட்ட குரலெல்லாம் நின்னுச்சு சிஸ்டர். ஆனா கை கட்டையா இறுகிப்போச்சு. கரண்டியப் புடிக்க முடியல. நான் கொத்தனாரு. கை போனா நான் என்ன ஆளு?”

எனக்குச் சுருக்கென்றது. இறுகிய கையோடு இவர் மருந்து வாங்க என் ஜன்னலுக்கு வந்திருக்கிறார். மாத்திரையைச் சிந்தாமல் வாங்கச் சொல்லி எரிந்து விழுந்திருக்கிறேன்.

அடுத்த வாரம் டாக்டர் மருந்தின் அளவைக் குறைத்து, இறுக்கத்துக்கு வேறொரு மாத்திரையும் எழுதினார். “இதெல்லாம் புத்தகத்துல இருக்கிறதுதாம்மா. ஒவ்வொருத்தரா கேக்க எனக்கு நேரமில்ல.”

“நாங்க கேக்குறோம் சார். சொல்லிக் குடுங்க.”

அப்படித்தான் ஆரம்பித்தது. அந்த நர்ஸ் மேலிடத்துக்கு எழுதிக் கேட்டு, கிராமத்து நர்ஸ்கள் மூன்று பேரை வரவழைத்தார். முழங்கையை மடக்கி இறுக்கம் பார்ப்பது, தூக்கத்தையும் வேலையையும் விசாரிப்பது, கேட்டதை அன்றே எழுதுவது எல்லாம் டாக்டர் சொல்ல அவர்கள் கற்றுக்கொண்டார்கள். என் ஜன்னலுக்கு வருபவர்களிடம் கேட்க நான்கு கேள்விகளை ஒரு தாளில் எழுதி என்னிடமும் கொடுத்தார் நர்ஸ். “இது என் வேலையாம்மா?” என்று முணுமுணுத்தேன். சிரித்தாரே தவிர, தாளைத் திரும்ப வாங்கிக்கொள்ளவில்லை. ஒரு மாதத்துக்குள் அந்தக் கேள்விகளைக் கேட்காமல் மருந்தை நீட்ட எனக்கே மனம் வரவில்லை.

கொத்தனார் மூன்றே மாதத்தில் அரியக்குடியில் கட்டட வேலைக்குச் சாரம் ஏறிவிட்டார்.

வருஷக் கடைசியில் அதிகாரிகள் கூட்டம். நர்ஸ் எழுந்து, குணமாகாதவர்களின் விவரத்தைத்தான் முதலில் வாசித்தார். கண்டரமாணிக்கத்திலிருந்து வரும் ஓர் அம்மாளுக்கு எந்த மருந்தும் பலன் தரவில்லை என்பதையும் மறைக்கவில்லை.

“நல்லானவங்களை முதல்ல சொல்லக் கூடாதாம்மா?” என்றார் பெரிய அதிகாரி.

“அவுக வேலைக்குப் போயிட்டாக சார். இவுகளுக்குத்தான் இன்னும் என்ன செய்யலாம்னு பாக்கணும். அதுக்கு ஆள் பத்தல.”

பெரிய அதிகாரி பேனாவை எடுத்து ஏதோ எழுதிக்கொண்டார். அடுத்த மாதமே இன்னும் இரண்டு நர்ஸ்களைப் பயிற்சிக்கு மதுரைக்கு அனுப்பினார்கள்.