குறுக்கே போகாத வண்டி

மிளகு அரைக்கும் மெஷின் நளீமின் இரண்டு விரலைத் தின்ற அன்று, "கைய ஏன் உள்ள போட்டே?" என்றுதான் எல்லோரும் கேட்டார்கள். மெஷினை ஏன் அப்படிச் செய்தார்கள் என்று ஒருத்தனும் கேட்கவில்லை. அந்த ஆத்திரம் வருஷக்கணக்காக அவருக்குள் கிடந்தது.

அதனால்தான், அவர் வேலை செய்யும் மாத்தளை மிளகு ஸ்டோருக்கு மூட்டை சுமக்கும் ரோபோ வண்டியோடு எஞ்சினியர் பிரசாந்தினி வந்து இறங்கியபோது, முறைத்துக்கொண்டு நின்றார்.

அந்தப் பிள்ளையின் வேலையே தனி. மிளகுத் தூசியில் தும்மிக்கொண்டே, கண்ணை மூடி வண்டிக்கு எதிரே நடப்பாள். அது நின்றால் தலையைத் தட்டிக்கொடுப்பாள். ஹோர்ன் சத்தத்துக்குக் கராம்பு பொறுக்கும் பெண்கள் திடுக்கிட்டார்கள் என்று அதைக் கழற்றிவிட்டு, சைக்கிள் மணி பூட்டினாள்.

ஒரு நாள் நண்பகல், லுஹர் தொழுகை நேரம். மூலையில் தொழுதுகொண்டிருந்த, கராம்பு பொறுக்கும் ஜஸ்லாவுக்கு முன்னால், மணியடித்துக்கொண்டு வண்டி குறுக்கே போனது. தொழுது முடித்த ஜஸ்லா பாயைச் சுருட்டினாள். "நாளைலருந்து நான் வேலைக்கு வரல்ல."

பிரசாந்தினி விழித்தாள். "முட்டேல்லையே, தள்ளித்தானே போனது?"

"முட்டுறதா மிஸ் பிரச்சின?" நளீம் வெடித்தார். "தொழுறவங்களுக்கு முன்னால குறுக்க போகப்படாது. மனுசனே போக மாட்டான், ஒங்கட தகரம் போகுது!"

அவள் கோபிக்கவில்லை. "என்ர பிழைதான் நானா. பின்பக்கத்தால போகலாமோ?"

"போகலாம். மணி அடிக்காம."

மெஷின் எப்படி நடக்க வேண்டும் என்று அவரிடம் ஒருவர் கேட்டது அதுதான் முதல் தடவை. நன்றி சொல்லிப் பழக்கமில்லாத மனிதர். இஞ்சி தட்டிப்போட்ட பிளேன்டீ ஒன்றைக் கொண்டுவந்து அவள் பக்கத்தில் வைத்தார்.

ஆனால் ஜஸ்லா நம்பவில்லை. "ஸுஜூதுல நெத்திய நெலத்துல வச்சிக் கெடக்கக்குள்ள என்னய மூட்டையின்னு நெனச்சி ஏறிட்டா?"

மறுநாள், கணக்கு முடித்துக்கொள்ள வந்த ஜஸ்லா வாசலிலேயே நின்றாள். பிரசாந்தினி வண்டியின் பாதையில் சாக்கை விரித்துக் குப்புறச் சுருண்டாள். நிறுத்தும் ரிமோட் நளீமின் கையில். பாரம் ஏற்றிய வண்டி உருண்டு வந்தது, நின்றது, யோசித்தது. பிறகு சத்தமில்லாமல் அவள் கால்மாட்டால் சுற்றிப் போனது.

"நானா, நீங்க அமத்தினீங்களா?" ஜஸ்லா கேட்டாள்.

"அல்லாஹ்வே, இல்ல புள்ள."

சாக்கில் கிடந்தபடியே தும்மினாள் பிரசாந்தினி. "நானா, ரிமோட்டை ஜஸ்லாட்டக் குடுங்கோ. இனி அவவே வச்சிருக்கட்டும்."

வியர்வையில் நனைந்திருந்த ரிமோட்டை இடுப்பில் கட்டியிருந்த சாரத்தில் துடைத்து, நளீம் வாசல் பக்கம் நீட்டினார்.