ஐயா இல்லாத ஐயா படம்

சினிமாவில் ஒலிப்பதிவாளன் என்பவன் அடுத்தவர் பேச்சைக் கேட்டுப் பிழைக்கிறவன். யார் எவ்வளவு அறுத்தாலும் ஹெட்போனைக் கழற்றிவிட்டு ஓட முடியாது. கல்யாண வீட்டில் பெரிய மாமாவிடம் மாட்டிக்கொண்டவர்களுக்கு என் வலி புரியும்.

தாமரை எடுத்த முதல் ஆவணப்படம் அது. மறைந்துபோன பெரிய இயக்குநர் ஒருவரைப் பற்றி அவருடைய சீடர்கள் பேச வேண்டும். சீடர்கள் எல்லோருமே இன்று இயக்குநர்கள். அவரை ஐயா என்றுதான் சொல்வார்கள். ஐயா தன் முதல் படத்தைக் கொல்லிமலையில் எடுத்ததால் அவர்களை அங்கேயே கூட்டிப் போனோம். "படத்துல ஐயா தெரியலன்னா நாங்க வாங்க மாட்டோம்" என்று சேனல்காரர் முன்பே சொல்லிவிட்டார். தாமரைக்கு வேறு சேனலும் இல்லை.

கொண்டை ஊசி வளைவுகளில்

முதல் சீடர் அடிவாரத்திலேயே ஆரம்பித்துவிட்டார். மலை ஏறி முடிக்கும்வரை தன் படங்கள், தன் விருதுகள், தன் மூட்டுவலி. ஐயாவைப் பற்றிக் கேட்டால், "ஐயாதான் என்னைக் கண்டுபிடிச்சார்" என்றார். அதோடு சரி. அவர் இறங்கிப் போனதும் ஜீப் டிரைவர் என்னிடம் மெல்லக் கேட்டார்: "ஏனுங்க, செத்துப்போன டைரக்டரு இவருங்களா?"

பலாமரம்

ஐயாவின் அந்த முதல் படத்தின் கடைசிக் காட்சியில் ஒரு பலாமரம் வரும். வளப்பூர் நாட்டு (இந்த மலையில் சில ஊர்கள் சேர்ந்தால் ஒரு நாடு) தோட்டத்தில் ஒரு சீடர் ஒரு மரத்தைக் கட்டிப்பிடித்து அழுதார். மறுநாள் இன்னொருவர் வேறொரு மரத்தைப் பிடித்துக்கொண்டு அழுதார். இரண்டு அழுகையும் அருமையாகப் பதிவாயின. எது அசல் மரம் என்று தோட்டக்காரரிடம் கேட்டேன். "எந்த மரத்தை வேணும்னாலும் புடிச்சு அழுவட்டுங்க. பழத்துல மட்டும் கை வைக்க வேணாம்னு சொல்லுங்க."

மௌனம்

ஐயா வசனத்துக்கு நடுவே நீண்ட மௌனம் வைப்பவர். சோளக்காட்டுச் சந்தையில் ஒரு சீடர் பேட்டிக்கே மௌனம் வைத்தார். "ஐயா..." என்று சொல்லி நிறுத்தினார். பஸ் வந்தது, ஹாரன் அடித்தது, ஆள் ஏற்றிக்கொண்டு போயும்விட்டது. "ஒரு..." என்றார். அன்னாசி விற்ற அம்மா சொம்புத் தண்ணீரோடு கேமராவுக்கு முன்னால் வந்துவிட்டார்: "குடிங்க சாமி, பேச்சு தானா வந்துரும்."

கிழங்குக் காடு

கடைசி நாள். ஐயாவைப் பற்றி உருப்படியாக ஒரு வார்த்தை சிக்கவில்லை. தாமரை கண்ணைத் துடைத்துக்கொண்டே ஜீப்பில் ஏறினாள். ஐயாவின் முதல் படத்தில் விறகுக்கட்டோடு நடந்து போகும், குண்டூர் நாட்டு வெள்ளையம்மாளை மட்டும் இன்னும் பார்க்கவில்லை. நாங்கள் போனபோது மரவள்ளிக் காட்டில் களை பறித்துக்கொண்டிருந்தார்.

"ஐயாவைப் பத்தி ஏதாவது சொல்லுங்கக்கா."

"அவரைப் பத்தி எனக்கென்ன கண்ணு தெரியும்? வந்த நாள்ல இருந்து எங்களப் பத்தித்தான் கேட்டாரு. ஊட்ல யாரு, என்ன கஷ்டம், பன்னி வந்தா கிழங்கை எப்படிக் காப்பாத்தறீங்கன்னு. அவரைப் பத்தி ஒண்ணுமே சொல்லலீங்க."

தாமரை கேள்வித்தாளை மடித்து வைத்துவிட்டாள். "பன்னி இப்பவும் வருதாக்கா?" என்று கேட்டாள்.

அவ்வளவுதான். வெள்ளையம்மாள் பன்றியை விரட்டத் தகரம் தட்டுவதைச் செய்தே காட்டினார். பாதியில் அழுதார், பிறகு சிரித்தார். நான் ஹெட்போனைக் கழற்ற நினைக்காத ஒரே பேட்டி அது.

படத்தைப் பார்த்துவிட்டு சேனல்காரர் போன் செய்தார்: "மத்ததையெல்லாம் குறைங்க. அந்தப் பன்னிக் கதையில கை வைக்காதீங்க, அதுலதான் உங்க ஐயா இருக்காரு."

ஆக, சக பாவிகளே, இத்தனை சீடர்கள் கூப்பிட்டும் வராத ஐயா, பன்றி விரட்டத்தான் வந்து சேர்ந்தார்.