பள்ளத்துத் தண்ணீர்

ஜுரு ஊரைத் தாண்டி ஆற்றோரத்தில் பல்கலைக்கழகத்தார் மண்ணைத் தோண்டிக்கொண்டிருந்தார்கள். ஒரு காலத்தில் கிறிஸ்துவர்கள் படகில் வந்து கும்பிட்டுப் போன சிற்றாலயம் அங்கே இருந்ததாம். ஜார்ஜ்டவுனிலிருந்து ஃபெர்ரியில் போய் அங்கே பம்பு ஓட்டுவது என் வேலை. ஆற்றில் தண்ணீர் ஏறினால் பள்ளத்திலும் ஊறிவிடும். அதை இறைத்துக் கொட்ட வேண்டும். படிவம் இரண்டோடு பள்ளியை விட்டவனுக்கு அதற்கு மேல் என்ன தெரியும்? பம்பு நின்றால் பள்ளம் சரியுமோ என்ற பயம் மட்டும் நன்றாகத் தெரியும்.

ஒருநாள் செங்கல் கட்டிய வட்டக் குழி ஒன்று வெளிப்பட்டது. யாத்திரிகர்கள் நீர் மொண்ட கிணறா, கழிவுநீர்க் குழியா என்று கேட்டேன். தோண்டலை நடத்திய மேடம், "ரெண்டுல ஒண்ணு, அண்ணே. இன்னும் தெரியல" என்றார். படித்தவருக்கே தெரியவில்லை என்றதும் எனக்குத் தலை சுற்றியது.

ஆனால் யாத்திரிகர் கிணறு என்ற பாதிச் செய்திதான் வெளியே போயிற்று. மறுநாள், பக்கத்துத் தொழிற்சாலையில் வேலை செய்யும் ஓர் அக்கா, நெற்றியில் திருநீறோடு வந்து காலிப் பாட்டிலை நீட்டினார்.

"தம்பி, கொஞ்சம் புடிச்சுக் குடு. வீட்டுக்காரருக்கு நாளைக்கு வயித்துல ஆப்பரேஷன். குடிச்சா தைரியமா இருக்கும்."

"இது லோங்காங் சாக்கடைத் தண்ணியாவும் இருக்கலாம்க்கா."

"நீ கண்டியா?"

"இல்ல."

"அப்ப ஊத்துலா!"

கொடுத்தால் அந்த மனிதர் வயிறு என்ன ஆகும்? இல்லையென்று அனுப்பி, ஆப்பரேஷனில் ஏதாவது ஆகிவிட்டால் பழி யார் மேல்? கேட்கலாமென்றால் மேடமும் இல்லை. நெற்றியில் மட்டும் தடவச் சொல்லி, குழியில் ஊறிய தண்ணீரை நிரப்பிக் கொடுத்தேன். அதன்பிறகு எனக்குச் சோறு இறங்கவில்லை.

இரண்டு நாள் கழித்து அக்கா அதே பாட்டிலோடு வந்தார். தண்ணீர் அவ்வளவாகக் குறையவில்லை.

"குடிச்சாராக்கா?"

"எங்க! ஆப்பரேஷனுக்கு முன்னாடி ஒரு சொட்டுக்கூட கூடாதுன்னுட்டாங்க. நெத்தியில தடவினேன். நல்லபடியா முடிஞ்சிருச்சு."

அப்பாடா என்று இருந்தது.

"இன்னிக்குத்தான் தண்ணி குடிக்கலாம்னாங்க. இதக் குடுக்க நேரா ஆஸ்பத்திரிக்குத்தான் போறேன்."

பாட்டிலைப் பிடுங்காத குறையாக வாங்கிவிட்டேன். அடுத்து என்ன செய்வதென்று புரியவில்லை. கீழே கொட்ட மனம் வரவில்லை, திருப்பிக் கொடுக்கவும் பயம். கூடாரத்தில் தேத்தண்ணி போடும் அடுப்பு கண்ணில் பட்டது.

"கொதிக்க வெச்சுத் தரேன்க்கா."

"கொதிக்க வெச்சா சக்தி போயிடாதா?"

"தெரியலக்கா."

உண்மையாகவே தெரியவில்லை. அக்கா என்னையும் அடுப்பையும் மாறி மாறிப் பார்த்தார்.

"சரி, வை. ரொம்பக் கொதிக்க விட்டுடாத."