வாசலைப் பார்த்த செருப்பு

வீட்டுக்குள் நுழையும்போதே பிரசங்கியார் செருப்பைத் திருப்பி வைத்துவிடுவார். கழற்றிய கையோடு குனிந்து, இரண்டையும் சேர்த்துப் பிடித்து, முனை தெருவைப் பார்க்கும்படி சுவரோரம் வைப்பார். மூன்று வாரம் கழித்து வந்தாலும் அதுதான் முதல் வேலை. அதற்குப் பிறகுதான் நிமிர்ந்து, "எல்லாரும் நல்லா இருக்கீங்களா?" என்று கேட்பார். மகளுக்கு எட்டு வயதிருக்கும்போது, அவர் குளிக்கப் போன நேரம் பார்த்து அதை வீட்டுப் பக்கமாகத் திருப்பி வைத்தாள். குளித்துவிட்டு வந்தவர் தலையில் ஈரம் சொட்டச் சொட்டப் போய், பழையபடி வைத்துவிட்டு வந்தார். இப்போது அவளுக்கு இருபத்து மூன்று வயது. அந்தக் குடும்பத்தில் பட்டம் வாங்கிய முதல் ஆள் அவள். செருப்பு இன்னும் தெருவைத்தான் பார்க்கிறது.

"கூப்பிட்டா திரும்பி நிக்கிற நேரம்கூட வீணாகக் கூடாதும்மா. கூப்பிடுறது யாருன்னு நெனச்சே?" என்பார்.

"நான் கூப்பிட்டா மட்டும் அந்தக் காது கேக்காது" என்று அம்மா அடுப்படியிலிருந்து குரல் கொடுப்பாள். சிரித்துக்கொண்டேதான் சொல்வாள். மகளுக்குத்தான் அது சிரிப்பாக இல்லை.

அவர் எந்தச் சபைக்கும் சம்பளக்காரர் இல்லை. எங்கே கூப்பிட்டாலும் போவார். கைப்பையில் இரண்டு வெள்ளைச் சட்டை, பிளாஸ்டிக் பையில் சுற்றிய ஈரச் சோப்பு, தொண்டைக்கு ஒரு டப்பா கிராம்பு, ஜிப் அறுந்து ரப்பர் பேண்ட் போட்ட வேதபுத்தகம். இவற்றோடு ஒரு டெஸ்டரும் கறுப்பு இன்சுலேஷன் டேப்பும் இருக்கும். ஊழியத்துக்கு வருவதற்கு முன் அவர் மோட்டாருக்குக் காயில் கட்டுகிற தொழிலாளி. கூட்டம் நடக்கிற இடத்தில் மைக் கரகரத்தால் பிரசங்கத்தை நிறுத்திவிட்டு மேடையிலிருந்து இறங்கிவிடுவார். ஒருமுறை மைக் செட்காரர் பயந்துபோய், "ஐயா, ஏதோ கெட்ட சக்தி தடுக்குது போல" என்றார். "கெட்ட சக்தி எங்க இருக்குன்னு எனக்குத் தெரியாது தம்பி. உன் ஒயர்ல லூஸ் கனெக்‌ஷன் இருக்கு" என்று பல்லால் டேப்பைக் கடித்தபடி பதில் சொன்னார்.

தங்கும் இடம் பெரும்பாலும் பள்ளிக்கூட வகுப்பறை. இரண்டு பெஞ்சைச் சேர்த்துப் போட்டுப் படுத்துக்கொள்வார். போட்டிருந்த சட்டையைத் துவைத்து நாற்காலியின் முதுகில் மாட்டி, மின்விசிறிக்கு அடியில் நகர்த்தி வைப்பார். விடுமுறையில் ஒருமுறை மகளும் கூடப் போயிருந்தாள். கூட்டம் முடிந்து எல்லாரும் போன பிறகு, அவர் கரும்பலகையில் யாரோ பாதியில் விட்ட கணக்கைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். "பிரசங்கம் பண்றவன் தண்ணிக் குழாய் மாதிரிம்மா. ஊருக்கெல்லாம் தண்ணி போகுது, குழாய்க்கு என்ன தாகம்னு நினைப்பாங்க. எடுக்கும். குழாய்க்குத்தான் ரொம்ப எடுக்கும்" என்றார். அன்று அவர்மேல் அவளுக்குப் பெருமையாக இருந்தது. இப்போது யோசித்தால், அந்தத் தாகத்தை அவர் வீட்டில் ஒருநாளும் சொன்னதில்லையே என்று எரிச்சல் வருகிறது.

பொய் என்றால் அவருக்கு ஆகாது. 'அற்புத சுகமளிக்கும் கூட்டம்' என்று நோட்டீஸ் அடித்திருந்தவர்களிடம் பேனா வாங்கி, உட்கார்ந்து, கட்டுக் கட்டாக முதல் இரண்டு சொற்களையும் அடித்தார். "சுகம் கொடுக்கிறது நானா? எனக்கே முட்டி வலி" என்றார். 'டாக்டர்' என்று பட்டம் சேர்த்து மேடைக்கு அழைத்தவரை மைக்கிலேயே திருத்தினார். "நான் எட்டாங்கிளாஸ். அதையும் ரெண்டு தடவை படிச்சவன்." பெரிய பந்தல் போட்டுப் பேசுகிறவர்களைப் பற்றிப் பேச்சு வந்தால் முகம் சிவந்துவிடும். "மேடையில ஏ.சி. வெச்சுக்கிட்டு நரகத்துச் சூட்டைப் பத்திப் பேசுறான். அவனுக்கு என்ன தெரியும் சூட்டைப் பத்தி?"

இத்தனை கறாரான மனிதர்தான் ஒரே ஒரு பொய்யைப் பத்தொன்பது வருடமாக ஊர் ஊராகச் சுமந்துகொண்டு போகிறார்.

அதற்குச் சாட்சி என்று பெயர். எந்த மேடையானாலும் முக்கால் மணி நேரம் கழித்து அது வரும். "என் மகளுக்கு நாலு வயசு. நெஞ்சுல சளி கட்டி மூச்சு நின்னு போச்சு. டாக்டர் கைய விரிச்சுட்டார். வெள்ளைத்துணி போட்டு மூடிட்டாங்க. செய்தி எனக்கு மேடையில வருது. நான் இறங்கிப் போகல. முழங்கால் போட்டேன். அதே நிமிஷம், அங்க பிள்ளை கண்ணைத் திறந்துச்சு!" கூட்டம் அழும். பலர் எழுந்து முன்னால் வருவார்கள்.

செய்தி வந்தது உண்மை. அவர் இறங்கிப் போகாததும் உண்மை. அந்தக் கூட்டத்தை முடித்து, அடுத்து ஒத்துக்கொண்ட கூட்டத்தையும் முடித்துவிட்டுப் பன்னிரண்டாம் நாள் வந்தார். அந்தப் பதினோரு நாளும் ஆஸ்பத்திரியில் என்ன நடந்தது என்பது அம்மாவுக்குத்தான் தெரியும். வார்டில் கட்டில் இல்லை. நடைவழியில் சுவரோரம் ஒரு பாய். படுக்க வைத்தால் குழந்தைக்கு மூச்சு அடைத்தது. "சாய்க்காதம்மா, நிமிர்த்தியே வெச்சுக்கோ" என்றார் நர்ஸ். ஊசியும் மருந்தும் அவர்கள் கொடுத்தார்கள். நிமிர்த்தி வைக்கிற வேலை அம்மாவுடையது. சுவரில் முதுகைக் கொடுத்து, குழந்தையை வலது தோளில் போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள். இடது தோளுக்கு மாற்றினால் குழந்தை இருமியது. அதனால் மாற்றவில்லை. பதினோரு நாளில் அந்தத் தோள் இறுகிவிட்டது. பிறகு அதைக் காட்டி வைத்தியம் பார்க்க யாருக்கும் நேரம் இருக்கவில்லை. இன்றைக்கும் அவளுடைய வலது கை தோளுக்கு மேல் எழாது. தையல் கடையில் பொத்தான் தைக்கிறாள். அதற்குக் கையைத் தூக்க வேண்டியதில்லை. தலைசீவத்தான் ஆள் வேண்டும். தினமும் காலையில் மகள்தான் சீவி விடுகிறாள்.

வெள்ளைத்துணி ஆரம்பத்தில் கிடையாது. மகளுக்குப் பதினொரு வயதில்தான் அது சாட்சிக்குள் வந்து சேர்ந்தது. அதைக் கேட்ட அன்று வீட்டுக்கு வந்ததும் அம்மாவிடம் கேட்டாள். "என்னை மூடின துணி இப்ப எங்கம்மா?"

"எந்தத் துணி? நீ என் முதுகுப் பக்கமெல்லாம் வாந்தி எடுத்து வெச்சே. அதைத் துடைக்கவே துணி இல்ல."

சாட்சியில் டாக்டர் உண்டு, வெள்ளைத்துணி உண்டு, மேடை உண்டு, முழங்கால் உண்டு. அம்மா மட்டும் கிடையாது.

சாட்சி முடிந்ததும் கைகளை உயர்த்தச் சொல்வார். அந்த இடத்தில் ஒரு நகைச்சுவை, அதுவும் வருடக்கணக்கில் மாறாதது. "ரெண்டு கையையும் தூக்குங்க. ஒத்தக் கையைத் தூக்குறவங்க யாரு? பஸ்ஸையா நிறுத்துறீங்க?" கூட்டம் கொல்லென்று சிரிக்கும். கூட்டத்தில் அம்மா இருந்தால், இடது கையை உயர்த்தியபடி அவளும் சிரிப்பாள்.

மகளின் கோபத்துக்குள் அவளையே குத்துகிற ஒரு முள் உண்டு. சின்ன வயதில் அவளை நாற்காலிமேல் ஏற்றி, "இதோ, அந்தப் பிள்ளை!" என்று காட்டுவார்கள். அவளுக்கு அது பிடித்திருந்தது. பெண்கள் வரிசையாக வந்து கன்னத்தைத் தொட்டுப் பார்ப்பார்கள். அவள் முகத்தை வாகாகக் காட்டுவாள். கல்லூரியில் சேரப் போனபோது நிர்வாகத்தில் இருந்த பெரியவர் ஒருவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, "அந்தச் சாட்சிப் பிள்ளை நீதானா?" என்று கேட்டார். "ஆமா சார்" என்றாள். இடம் கிடைத்தது. மூன்று வருடம் அந்த 'ஆமா'வின்மேல் உட்கார்ந்துதான் படித்தாள். அப்பாவைக் கேள்வி கேட்க எனக்கென்ன யோக்கியதை என்று தன்னையே பல தடவை கேட்டுப் பார்த்தாள். யோக்கியதை வரும்வரை காத்திருந்தால் அம்மாவின் தலை நரைத்துவிடும் என்று தோன்றியது. பாதி நரைத்தும் விட்டது.

போன மாதம், பல வருடங்களுக்குப் பிறகு, இவர்கள் குடியிருக்கும் பகுதியிலேயே அவருக்குக் கூட்டம் அமைந்தது. அன்று மத்தியானம் சாப்பிட உட்கார்ந்தபோது மகள் ஆரம்பித்தாள்.

"அப்பா, இன்னிக்கு அந்தக் கதையைச் சொல்லப் போறீங்களா?"

"கதை இல்லம்மா, சாட்சி."

"சாட்சின்னா பார்த்தவங்க சொல்றது. நீங்க எங்க பார்த்தீங்க? பார்த்தது அம்மா."

அவர் தட்டைப் பார்த்தார். "அம்மாவையும் ஆண்டவர்தானே அங்க வெச்சிருந்தார்?"

"அப்ப அதைச் சொல்லுங்க. அவர் வெச்ச ஆளை நீங்க ஏன் எடுத்துட்டீங்க?"

"என்னடி பேச்சு இது, சாப்பாடு ஆறுது" என்று அம்மா நடுவில் வந்தாள். மகள் விடவில்லை.

"போன வாரம் நீங்களே சொன்னீங்க. உங்க சாட்சியைக் கேட்டுட்டு ஒரு அம்மா, மூச்சுத் திணறுற பிள்ளையைத் தூக்கிட்டு மேடைக்கு வந்தாங்கன்னு."

"நான்தான் வண்டி பிடிச்சு ஆஸ்பத்திரிக்கு அனுப்பி வெச்சேன். பிள்ளை நல்லா இருக்கு."

"அதை மைக்ல சொன்னீங்களா?"

அவர் சோற்றைப் பிசைந்தார்.

"இனிமே ஒருத்தங்க மேடைக்குத் தூக்கிட்டு வராம வீட்டுலயே முழங்கால் போட்டு உக்காந்தாங்கன்னா? அந்தப் பிள்ளைக்கு யாருப்பா வண்டி பிடிப்பாங்க?"

பிரசங்கியார் கை கழுவிவிட்டு வந்து ஜன்னல் பக்கம் நின்றார். நோட்டீஸில் பேனாவால் அடித்த மனிதர்தான் அங்கே நின்றுகொண்டிருந்தார். அவருக்குத் தெரியாத நியாயம் எதையும் மகள் சொல்லிவிடவில்லை. "அந்தச் சாட்சியைக் கேட்டு எத்தனையோ பேர் குடியை விட்டிருக்காங்க, சாகப் போனவங்க திரும்பி வந்திருக்காங்க. இப்ப போய் அது அப்படியில்லன்னு சொன்னா..." என்று தொடங்கி நிறுத்தினார். பிறகு அம்மாவைப் பார்த்துச் சொன்னார். "சரி. இன்னிக்குச் சொல்லிடறேன். உன்னைச் சொல்லிடறேன்."

அம்மா எச்சில் தட்டுகளை ஒரு கையால் அடுக்கிக்கொண்டு உள்ளே போனாள். சாயங்காலம் பெட்டியிலிருந்து நல்ல சேலையை எடுத்துக் கட்டினாள்.

மூன்றாவது வரிசையில் உட்கார்ந்தார்கள். முக்கால் மணி நேரம் ஆயிற்று. "எனக்கு ஒரு மகள்" என்று ஆரம்பித்தார். மகள் அம்மாவின் விரலைப் பிடித்துக்கொண்டாள். "நாலு வயசுல ஆஸ்பத்திரியில..." என்றவர் நின்றார். மைக்கின் இரைச்சல் மட்டும் கேட்டது. "ஆஸ்பத்திரியில..." என்றார் மறுபடியும். மூன்றாவது வரிசையைப் பார்த்தார். ஒரு மடக்குத் தண்ணீர் குடித்தார். "ஆண்டவர் காப்பாத்தினார். அல்லேலூயா!"

அவ்வளவுதான். வெள்ளைத்துணி வரவில்லை. அம்மாவும் வரவில்லை.

அதோடு விட்டிருந்தாலும் பரவாயில்லை. தடுமாறியதை மூடுவதற்கோ, பழக்க தோஷமோ, கையை உயர்த்தச் சொன்னவர் வாயிலிருந்து அது தானாக வந்தது. "ரெண்டு கையும்! ஒத்தக் கையைத் தூக்கி பஸ்ஸையா நிறுத்துறீங்க?" கூட்டம் சிரித்தது. முன்வரிசையிலிருந்து ஒரு பெண் திரும்பி அம்மாவைப் பார்த்து, "ரெண்டு கையும் தூக்குங்கக்கா, ஆசீர்வாதம்" என்று பிரியமாகச் சொன்னாள். அம்மா வலது கையைத் தூக்கினாள். தோள்வரை வந்தது. உதட்டைக் கடித்துக்கொண்டு இன்னும் ஒரு விரற்கடை தூக்கப் பார்த்தாள். மேடையில் இரண்டு கைகளையும் வானத்துக்கு நீட்டி நின்றவர் அதைப் பார்த்தார். பார்த்ததை மகள் பார்த்தாள்.

மூவரும் வீட்டுக்கு வந்தார்கள். செருப்பைத் திருப்பி வைத்துவிட்டு நிமிர்ந்தவர், "அந்த வார்த்தை வாய் தவறி வந்துருச்சு" என்றார்.

"அது மறக்காம வந்துச்சுப்பா. அம்மாதான் மறந்துபோச்சு" என்றாள் மகள்.

மறுநாள் காலை அம்மாவை உட்கார வைத்து அவள் சீப்பை எடுத்தபோது, பிரசங்கியார் பின்னாலிருந்து கையை நீட்டி அதை வாங்கிக்கொண்டார். பயணத்துக்குச் சட்டை மாற்றித் தயாராக இருந்தார்.

"இது என்ன புதுசா?" என்றாள் அம்மா.

"உக்காரு."

காயில் கட்டிப் பழகிய விரல்கள். சிக்கை இழுக்காமல், நுனியிலிருந்து ஒவ்வொரு இழையாகப் பிரித்தார். "வலிக்குதா?" என்று கேட்டார். "இல்ல" என்றாள். அம்மாவின் கண் மூடியிருந்தது. ஒரு பக்கம் முடிந்தது. மறு பக்கத்துக்கு வகிடு எடுக்கும்போது தெருவில் வேன் ஹாரன் அடித்தது. அடுத்த ஊர்க்காரர்கள். அவர் கை நின்றது. ஹாரன் மறுபடியும் அடித்தது.

"அடுத்த கூட்டத்துல சொல்லிடறேன்" என்று அந்த முடியிடமே சொல்லிவிட்டு, சீப்பை அம்மாவின் மடியில் வைத்தார். செருப்பு தயாராக நின்றது. கால் நுழைந்தது, போய்விட்டார்.

மகள் சீப்பை எடுக்கப் போனாள். அம்மா அதைப் பொத்திக்கொண்டாள். "விடு."

"பாதித் தலையோட கடைக்கு எப்படிம்மா போவே?"

அம்மா சீப்பை மடியிலேயே வைத்துக்கொண்டாள். சீவிய பக்கத்தையும் சீவாத பக்கத்தையும் இடது கையாலேயே சேர்த்துச் சுருட்டி முடிந்துகொண்டாள். எழுந்து வாசலுக்குப் போய், செருப்பு இருந்த இடத்தில் குனிந்து, அந்தச் சீப்பை வைத்தாள். பல் வீட்டைப் பார்க்கும்படி ஒருமுறை திருப்பி வைத்தாள்.

அன்று சாயங்காலம் கடையிலிருந்து வரும்போது வேறு சீப்பு வாங்கி வந்தாள். மகள் இப்போது அதில்தான் சீவி விடுகிறாள். அவர் போய் நான்கு கூட்டம் முடிந்திருக்கிறது. வீடு பெருக்கும்போது, வாசலில் அந்தப் பழைய சீப்பு கிடக்கும் ஒரு சாண் இடத்தை மட்டும் அம்மா சுற்றிப் பெருக்குகிறாள்.