நாய் ஜக்கில் வைத்த பால்

சித்தப்பா கொழும்புத் துறைமுகத்தில் கிளாக்கர். எங்கள் ஊரான நீர்வேலிக்கு லீவில் வரும்போதெல்லாம் சீமைப் பீங்கான் ஜக் ஒன்று கொண்டுவருவார். ஆங்கிலப் பத்திரிகையில் கிழமைதோறும் வந்த படக்கதை ஒன்றின் ஆட்கள்தாம் அந்த ஜக்குகள்: தொப்பி போட்ட நாய், கண்ணாடி போட்ட வாத்து. முழுவதையும் சேர்த்துவிட வேண்டும் என்பது அவருடைய ஆசை. அலுமாரியில் அடுக்கியதை ஒருவரும் தொடக்கூடாது. அவருடைய மூன்று வயது மகனுக்கு மட்டும் அந்தச் சட்டம் செல்லவில்லை. நாயின் வாயால் ஊற்றினால்தான் அவன் பால் குடிப்பான்.

நெருப்புக்காய்ச்சல் வந்து அவன் இறந்துபோனான். பக்கத்து வீட்டில் இருந்த எனக்கு அப்போது ஏழு வயது. முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிச் சடங்கு முடிந்ததும் சித்தப்பா கொழும்புக்குப் போய்விட்டார். சின்னம்மா தினமும் காலையில் கற்கண்டு போட்ட பாலை நாய் ஜக்கில் ஊற்றி, அவன் படுத்திருந்த மூலையில் வைப்பார். பின்னேரம் அதை வாழையடியில் ஊற்றிவிடுவார்.

ஒருநாள் அதை நான் குடித்துவிட்டேன். ஆசைதான், வேறு காரணமில்லை. சின்னம்மா வெறும் ஜக்கோடு வந்து நின்றார்.

"ஆர் குடிச்சது?"

அடிக்குப் பயந்து, "தம்பி வந்து குடிச்சவன்," என்றேன்.

அவர் என்னருகே குந்தினார். "என்ன சொன்னவன்?"

"இன்னும் கொஞ்சம் கற்கண்டு போடட்டாம்."

மறுநாள் பால் இன்னும் இனித்தது. அதன்பின் நாளுக்கொரு கதை சொன்னேன். அவர் கேட்டுக்கொண்டே இருப்பார், சில நாள் சிரிப்பார். என் கெட்டித்தனத்தில் எனக்குப் பெருமைதான். ஆனால் சின்னம்மா மெலிந்துகொண்டே வந்தார். பால் காய்ச்ச மட்டுமே அடுப்பு மூட்டினார். இடையில் சித்தப்பா ஒரு பன்றி ஜக்கோடு வந்தார். அலுமாரியில் நாய் இருந்த இடம் வெறுமையாய் இருப்பதைப் பார்த்தார். ஒன்றும் கேட்காமல் திரும்பிப் போனார்.

அதற்குப் பிறகு ஒருநாள் சின்னம்மா என் கையைப் பிடித்தார்.

"நானும் அவனிட்டை வரட்டோ எண்டு கேட்டுச் சொல்லு பிள்ளை."

"இல்லைச் சின்னம்மா, நான்தான் குடிச்சனான்," என்று அழுதேன்.

அவர் என் கண்ணைத் துடைத்துவிட்டார். "அது தெரியும் பிள்ளை. நீ சொல்லு, அவன் என்ன சொன்னவன்?"

நான் ஓடிவிட்டேன். சில நாட்கள் வேலியோரம் நின்று என்னைக் கூப்பிட்டார். நான் அறைக்குள் ஒளிந்துகொண்டேன். பிறகு கூப்பிடவில்லை. மாரி தொடங்குமுன் படுக்கையில் விழுந்தவர் எழும்பவேயில்லை.

அவருக்குச் சித்தம் பேதலித்துவிட்டது என்று பெரியவர்கள் சொன்னதை நானும் நம்பினேன். மகனின் பெயரைக்கூட எவரும் எடுக்காத அந்த வீட்டில், அவனைப் பற்றிக் கதைக்க அவருக்கு என்னை விட்டால் ஆளில்லை என்பது அந்த வயதில் எனக்கு விளங்கவில்லை.