பேனர் கட்டியாயிற்று

என் கணவர் மோதலாமா கூடாதா என்று எங்கள் மேனாம்பேடே விவாதித்துக்கொண்டிருந்தது. முடிவெடுத்தது என்னவோ பேனர்தான்.

கட்சித் தலைவர் பிறந்தநாளுக்கு மைதானத்தில் பாக்ஸிங் போட்டி வைக்க என் தம்பி ஏற்பாடு செய்தான். அவனுக்குக் கட்சி வட்டத்தில் ஏதோ பொறுப்பு. என்ன பொறுப்பு என்று அவனுக்கே தெரியாது, வெள்ளைச் சட்டை மட்டும் தினமும் மாற்றுவான். மாமாவை ஒரு வார்த்தை கேட்காமல் பஸ் ஸ்டாப்பில் பேனர் கட்டிவிட்டான். அதில் ஒரு பக்கம் வேலப்பன்சாவடியில் காலேஜ் படிக்கும் பையன், போகிற இடத்திலெல்லாம் முதல் ரவுண்டிலேயே ஆளைப் படுக்கப் போட்டுவிட்டு வருபவன். மறுபக்கம் 'ஜில்லா சாம்பியன்', அதாவது என் கணவர். 'முன்னாள்' என்று போட இடம் போதவில்லையாம். படம் எங்கள் கல்யாணத்துக்கு முன்னால் எடுத்தது. எனக்கு மாப்பிள்ளை என்று காட்டியதும் அதே படம்தான். அந்த முடியும் இடுப்பும் என்னிடம் வந்து சேரவே இல்லை.

டீக்கடையில் இரண்டு கட்சி. அனுபவம்தான் ஜெயிக்கும் என்றது ஒன்று, வயசுதான் ஜெயிக்கும் என்றது இன்னொன்று. இரண்டிலும் ரிங்குக்குள் கால் வைத்தவர் ஒருவர்கூட இல்லை. ஊரார் வீட்டு நெய்யே, என் பெண்டாட்டி கையே என்று என் வீட்டு மனிதரின் மூக்கைத் தாராளமாகப் பந்தயம் வைத்தார்கள்.

மூக்கு போனால்கூடப் பரவாயில்லை. சர்க்கரை இவருடைய இடது கண்ணில் போய் உட்கார்ந்திருந்தது. லேசர் வைத்த டாக்டர், பாரம் தூக்கக் கூடாது, கண்ணில் அடி படவே கூடாது, பட்டால் பார்வை போய்விடும் என்று என் எதிரில்தான் சொன்னார். அதில் பாரம் தூக்கக் கூடாது என்பதை மட்டும் இவர் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார். அன்றிலிருந்து தண்ணீர் கேனை நான்தான் தூக்குகிறேன். கண் விஷயம் தெருவில் ஒருவருக்கும், என் தம்பிக்கும்கூட, தெரியக் கூடாது என்று எனக்குக் கட்டளை வேறு.

போகவேண்டாம் என்று அழுதும் பார்த்தேன், சண்டை போட்டும் பார்த்தேன்.

"பேனர் வெச்சிட்டானுங்க. இப்போ முடியாதுன்னா நாளைக்கு அந்த பஸ் ஸ்டாப்புல எப்படிடி நிப்பேன்?" என்றார்.

இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில் அவருக்கு செக்யூரிட்டி சூப்பர்வைசர் வேலை. தினமும் அங்கேதான் பஸ் ஏற வேண்டும். பேனரைக் கழற்றச் சொல்லித் தம்பியிடம் போனேன். மேலே தலைவர் படம் இருப்பதால் கழற்றினால் அவமரியாதை என்று சொல்லிவிட்டான். இவர் சாயங்காலம் எஸ்டேட் ரோட்டில் ஓடப் போனார். திரும்பி வரும்போது சட்டையில் பஜ்ஜி வாசனை வந்தது.

போட்டிக்கு முந்தின வாரம் அந்தப் பையன் வீட்டுக்கு வந்தான். நான் மட்டும் இருந்தேன். பேனரில் பார்த்த முரடனைக் காணோம். முகமெல்லாம் பரு, செருப்பை வாசலிலேயே கழற்றி ஓரமாக வைத்துவிட்டு வந்தான்.

"அக்கா, நீங்களே சொல்லி நிறுத்திடுங்க. அடிச்சா வயசானவர அடிச்சிட்டான்னு சொல்லுவாங்க. அடிக்கலன்னா தோத்துட்டான்னு சொல்லுவாங்க. எனக்கு இதுல இன்னா கீது?"

இத்தனை நாள் பேச்சில் புத்தியுள்ள வார்த்தை இது ஒன்றுதான். அதுவும் எதிராளி வாயிலிருந்து வந்ததில் எனக்கு ஆத்திரமாக இருந்தது. நிறுத்த என்னால் ஆகாது என்றேன்.

"எடது கண்ணு லேசர் வெச்ச கண்ணு தம்பி. மூஞ்சில மட்டும் கை வெக்காத."

அவன் தலையை ஆட்டிவிட்டுப் போய்விட்டான். கட்டளையை மீறியதற்காக எனக்கு இன்றுவரை வருத்தமில்லை. பார்வை போனால் கையைப் பிடித்துக் கூட்டிப்போகப் போவது டீக்கடை இல்லை, நான்.

போட்டி மூன்று ரவுண்டும் நடந்தது. பையன் தோளிலும் விலாவிலும் தட்டிக்கொண்டே இருந்தான். இவர் பெரும்பாலும் காற்றை அடித்தார், அதற்கும் விசில் பறந்தது. பாயிண்டில் பையன் ஜெயித்தான். என் தம்பி அரசியல் தெரிந்தவன், இரண்டு மாலை வாங்கி வைத்திருந்தான். முதல் ரவுண்டுகூடத் தாங்காது என்றவர்களே இவரைத் தோளில் தூக்கினார்கள். மறுநாள் காலை டீக்கடையில் அனுபவம் ஜெயித்துவிட்டது.

"மூஞ்சியாண்ட ஒரு அடி வுடல மாமே. நம்ம கார்டு அப்படி" என்று இவர் எல்லாரிடமும் முகத்துக்கு முன்னால் கையைத் தூக்கிக் காட்டிக்கொண்டிருந்தார். நான் காய்கறிப் பையோடு அந்தப் பக்கம் பார்க்காமல் நடந்தேன். அதற்குள் என் தம்பி அடுத்த வருஷத்துக்கும் இதே ஜோடி என்று அறிவித்துவிட்டான். புதுப் படம்கூட எடுக்க வேண்டாமாம், பழையதே ராசியாம்.

அன்று சாயங்காலம் நாற்காலியில் தலையைச் சாய்த்து உட்கார்ந்தார். சொட்டு மருந்து விட இடது கண்ணின் இமையை விரித்தேன். கண் பத்திரமாக இருந்தது.

"எத்தினி தபா என் மூஞ்சி தொறந்து கெடந்துச்சு தெரியுமா? பாக்காத மாரியே போய்க்கினு இருந்தான்" என்றார். டீக்கடையில் கேட்ட குரல் இல்லை அது.

நான் மருந்தை விட்டேன்.

"நீதானே சொன்னே?"

ஆமாம் என்றேன். கத்தப்போகிறார் என்று பாட்டிலை மூடிக்கொண்டு காத்திருந்தேன். அவர் கண்ணை மூடியபடியே கன்னத்தில் வழிந்ததைத் துண்டால் துடைத்துக்கொண்டார்.

"சரி. அடுத்த வருஷமும் அவன்கிட்ட ஒரு வார்த்த சொல்லி வெச்சிடு."