வாடகைக்குப் போன சொர்க்கம்

மழையில் நனைந்த தாரின் வாசனை. கப்பல் தஞ்சோங் பகார் துறையை நெருங்கியபோது கரையிலிருந்து முதலில் வந்து சேர்ந்தது அதுதான். கட்டடங்களும் பாரந்தூக்கிகளும் பிறகுதான் கண்ணுக்கு வந்தன. எனக்குச் சட்டென்று கமுதிப் பக்கத்தில் ஒரு வறண்ட கோடை நினைவுக்கு வந்தது. இருபது வருடம் இருக்கும். கால் போன போக்கில் திரிந்த காலம். பத்து மைலுக்கு அப்பால் எங்கோ மழை பெய்திருந்தது. ஊரே வெளியே வந்து மூக்கைத் தூக்கிக்கொண்டு நின்றது. வாசனை வந்தது, மழை வரவில்லை.

என் பக்கத்தில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்ற பஞ்சவர்ணமும் அந்தப் பக்கத்துக்காரிதான். நாகப்பட்டினத்திலிருந்து மேல்தளத்தில் எனக்கு அடுத்த பாய் அவளுடையது. முப்பது வயதிருக்கும். கணவர் முத்தையா ஆறு வருடமாகச் சிங்கப்பூர்த் துறைமுகத்தில் பாரந்தூக்கி ஓட்டுகிறார். பினாங்கு தாண்டிய மாலையில் அவர் அனுப்பிய போட்டோவைத் தகரப் பெட்டியிலிருந்து எடுத்துக் காட்டினாள். வெள்ளைச் சட்டையில் முத்தையா. பின்னால் பளிங்குப் படிக்கட்டு, ஒரு மாளிகை, கண்ணுக்கெட்டிய தூரம் வரை தண்ணீர், அதில் இரண்டு அன்னங்கள். போட்டோவின் பின்புறம் என் நண்பர் காதர் பாயின் ஸ்டூடியோ முத்திரை. நான் தங்கப்போவதே அவர் கடை மாடியில்தான்.

"எங்க ஊர்ல நாலு வீட்டுல இந்தப் போட்டோ இருக்குய்யா," என்றாள். "ஆளுதான் வேற வேற. எல்லாரும் இதே ஊருணிக் கரையிலதான் நிக்கிறாக. மாளிகை அவுகளோடது இல்ல, அது எனக்குத் தெரியும். கூலிக்காரனுக்கு ஏது மாளிகை? ஆனா இம்புட்டுத் தண்ணி இருக்குல்ல?"

ராமநாதபுரத்துக் கண் அது. மாளிகையைத் தள்ளிவிட்டுத் தண்ணீரை மட்டும் எடுத்துக்கொண்டிருந்தது. கடல் நடுவில் அந்தக் கண்ணிடம் அது ஸ்டூடியோவில் வரைந்து வைத்த திரை, வெறும் துணி என்றெல்லாம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

வியாழன் காலை பத்து மணிக்கு இறங்கினோம். துறையில் முத்தையா மெலிந்த உடம்பும் சிரிப்புமாக நின்றார். ஆறு வருடம் கழித்துப் பார்த்த கணவரிடம் பஞ்சவர்ணம் கேட்ட முதல் கேள்வி: "ஊருணி எந்தப் பக்கங்க?"

முத்தையா என்னைப் பார்த்தார். நான் வானத்தைப் பார்த்தேன்.

துறையிலிருந்து காதர் பாயின் கடை இருக்கும் தேக்காவுக்கு மூன்று மைல். டாக்சிக்காரர் சீனர், வழி நெடுக எதையோ பாடிக்கொண்டே ஓட்டினார். இந்த நகரத்தை எப்படிச் சொல்வது? ஒரே தெருவில் மசூதி, கோயில், தேவாலயம், அடுத்து சவப்பெட்டிக் கடை, அதற்கும் அடுத்து ஐஸ்கிரீம் கடை. சாலை கழுவிவிட்டது போலிருக்கிறது. பார்க்கப் பார்க்க எனக்குள் ஏதோ ஒன்று வாயைத் திறந்துகொண்டு உட்கார்ந்துவிட்டது. ஊர் திரும்பும்வரை அது வாயை மூடவில்லை.

காதர் பாய் நாகூர்க்காரர். சிராங்கூன் சாலையில் அஞ்சடியை ஒட்டி அவருடைய ஸ்டூடியோ. கடைகளுக்கு முன்னால் கூரையோடு ஓடும் ஐந்தடி நடைபாதைக்கு இங்கே அஞ்சடி என்று பெயர். உள்ளே நுழைந்ததும் வஜ்ஜிரப் பசையும் தூள் வண்ணமும் கலந்த நெடி. சுவரில் மூன்று திரைகள் சுருட்டி ஏற்றப்பட்டிருந்தன. அப்போது தலையில் எண்ணெய் வழிய வழிய ஓர் இளைஞன் வந்தான். பாய் அவனிடம், கோப்பியா தேத்தண்ணியா என்று கேட்கிற குரலில் கேட்டார்:

"தம்பி, சொர்க்கத்துல நிக்கிறியா, கார்ல உக்கார்றியா, ஏரோப்ளேன்ல போறியா?"

"சொர்க்கம் எவ்வளவு பாய்?"

"எல்லாம் ரெண்டு வெள்ளிதான். பெட்ரோல் காசு தனியா வாங்குறதில்ல."

கயிற்றை அவிழ்த்தார். திரை இறங்கியது. படிக்கட்டு, மாளிகை, தண்ணீர், அன்னங்கள். இளைஞன் நெஞ்சை நிமிர்த்தினான். சிரிக்க வேண்டிய இடம்தான். எனக்குச் சிரிப்பு வரவில்லை. பன்னிரண்டு அடித் துணியின் முன்னால் நின்றதும் ஒரு மனிதனின் முதுகெலும்பு நேராகிறதே, அந்த அதிசயத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

வெள்ளிக்கிழமை முழுவதும் தெருத்தெருவாக நடந்தேன். போகிற இடமெல்லாம் அந்தச் சொல் என் கூடவே வந்தது. இசைத்தட்டுக் கடை ஒலிபெருக்கியில் காதலி சொர்க்கம். தியேட்டர் வாசல் பலகையில் காதலன் மடியே சொர்க்கம். கூந்தல் தைலக்காரன் புட்டியைத் திறந்தால் இந்திரலோகம் என்கிறான். தேர்தல் மாதம் வேறு. சுவரொட்டிகளில் நான்கு மொழியிலும் விடியலும் பொன்னுலகமும். பத்துக் காசுத் தேநீரை உறிஞ்சியபடி சரபத் கடையில் ஒருவர், இந்த ஊர் வழக்கப்படி வாலில் ஒரு 'லா' ஒட்டிச் சொன்னார்: "போன தேர்தல்ல ரோட்டுக்கு விளக்குப் போடுறேன்னாங்க. இந்த வாட்டி நேரா சொர்க்கம். விளக்கைத் தாண்டிப் போயிட்டாங்கலா!"

சனிக்கிழமை நடந்ததுதான் இந்தப் பயணத்தின் நடுப்புள்ளி.

நாலு மணிக்கு முத்தையாவும் பஞ்சவர்ணமும் ஸ்டூடியோவுக்கு வந்தார்கள். இரண்டே நாளில் அவள் முகம் இறுகிப்போயிருந்தது. எருமைச் சாலைப் பக்கம் ஒரு கடைவீட்டின் இரண்டாம் மாடியில், பலகை தடுத்த ஓர் அறையில் அவளைக் குடிவைத்திருந்தார். ஏழு குடும்பத்துக்கும் கீழே கொல்லையில் ஒரே குழாய். விடியுமுன் வாளியை வரிசையில் வைத்து, பிடித்து, மரப்படியில் தூக்கி ஏற வேண்டும். "அங்கிட்டுத் தண்ணிக்கு நடந்தேன், இங்கிட்டு ஏறுறேன்," என்றாள் என்னிடம். இரண்டு நாளாக ஊருணியைக் காட்டச் சொல்லி விடாமல் கேட்டிருக்கிறாள். வேறு வழி தெரியாமல் இங்கே அழைத்து வந்துவிட்டார் முத்தையா.

விஷயம் தெரியாத காதர் பாய், "வாங்க முத்தையா! ஜோடியா எடுக்கணுமா? ஆனா சொர்க்கம் இன்னிக்கு இல்லியே, வாடகைக்குப் போயிருக்கு. பேரர் பார்க் திடல்ல கட்சிக் கூட்டம். மேடைக்குப் பின்னால கட்ட வாங்கிட்டுப் போயிட்டாங்க. கார் இருக்கு, ஏரோப்ளேன் இருக்கு," என்றார்.

பஞ்சவர்ணம் சுவரைப் பார்த்தாள். சுருட்டிய இரண்டு திரைகளையும், மூன்றாவது இல்லாத வெற்று ஆணிகளையும் பார்த்தாள்.

"துணியா?" என்றாள்.

அடுத்த கடையிலிருந்து பாட்டு மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது.

"ஆறு வருசமா ஒரு துணியைப் பாத்துக்கிட்டா தண்ணிக்கு நடந்தேன்?"

"எல்லாரும் அனுப்புறாங்க புள்ள... நானும்..." முத்தையா தரையைப் பார்த்துச் சொன்னார்.

"கப்பல் வியாழக்கிழமை திரும்புதாம்ல. இருக்கேனா போறேனான்னு அன்னிக்குச் சொல்றேன்." பிறகு என் பக்கம் திரும்பினாள். "அய்யா, அந்தத் துணியையாவது நான் பாக்கணும். எங்க கட்டியிருக்காக?"

மாலை ஆறரைக்கு நால்வரும் திடலுக்கு நடந்தோம். கால் மணி நேரம்கூட ஆகாது. இவ்வளவு கூட்டத்தை நான் திருவிழாவில்தான் பார்த்திருக்கிறேன். லாரிகளைச் சேர்த்து நிறுத்திய மேடை. அதன் பின்னால், பல்ப் சரங்களின் வெளிச்சத்தில், அவளுடைய ஊருணி காற்றில் அலையடித்துக்கொண்டிருந்தது. உண்மையான தண்ணீர்கூட அவ்வளவு அழகாக அசைவதில்லை. வேட்பாளர் மலாயில் பேச, சீனத்திலும் ஆங்கிலத்திலும் தமிழிலும் மொழிபெயர்ப்பு வந்தது. "செத்த பிறகு எதற்குச் சொர்க்கம்? இந்தத் தீவிலேயே கட்டுவோம், மாடி மாடியாகக் கட்டுவோம்!" சொல் ஒவ்வொரு மொழிக்குள் இறங்கும்போதும் திடலின் ஒரு பகுதி பெருமூச்சு விட்டது. நான்கு மூச்சு, ஒரே ஏக்கம். என் கை ரோமம் சிலிர்த்துவிட்டது.

பஞ்சவர்ணம் சிலிர்க்கவில்லை. துண்டுப் பிரசுரம் கொடுத்துக்கொண்டிருந்த கட்சி இளைஞனைப் பிடித்துக்கொண்டாள்.

"தம்பி, மாடியில தண்ணி ஏறுமா?"

"எல்லாம் ஏறும்க்கா. ஓட்டு மட்டும் போடுங்க."

"எனக்கு ஓட்டு இல்ல. முந்தாநாத்துதான் வந்தேன்."

"ஓட்டே இல்ல, அப்புறம் கேள்வி எதுக்குலா?"

"குடிக்கிறதுக்கு ஓட்டு வேணுமா?" என்றாள். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். இளைஞன் வேறு பக்கம் நழுவினான். மறுநாள் எதிர்க்கட்சிக்காரர்கள் வந்து அதே திரையைப் பத்து வெள்ளிக்கு எடுத்துப் போனார்கள் என்பதையும் இங்கே எழுதிவிடுகிறேன். இரண்டு கட்சிக்கும் அதே அன்னங்கள்.

திரும்பும்போது காதர் பாய் மெதுவாகச் சொன்னார்: "எங்க வேதத்துல சொர்க்கம்னா தோட்டம், அண்ணே. அதுக்குக் கீழே ஆறு ஓடும். பாலைவனத்துக்காரனுக்கும் இந்தப் பொண்ணுக்கும் ஒரே தாகம் போல."

ஞாயிறு காலை ஒன்பது மணிக்கு முத்தையா தானாக வந்து என்னை எழுப்பினார். குயின்ஸ்டவுனில் பதினான்கு மாடிக் கட்டடம் ஒன்று எழுந்திருக்கிறது; இந்த ஊரில் குடியிருப்பு என்றால் அதுதான் உயரம். "அவ கேட்ட கேள்விக்கு அங்கதான் பதில் இருக்கு. கூட வாங்க, எனக்கு அவளோட தனியா போக பயமா இருக்கு," என்றார்.

பஸ்ஸில் ஐந்தாறு மைல். இறங்கி மூவரும் அண்ணாந்தோம். கல்லால் ஆன ஒரு வானம் நின்றுகொண்டிருந்தது. ஒவ்வொரு தட்டிலும் மூங்கில் கழிகள், கழிகளில் துணிகள், கொடிகள் போல. மின்தூக்கி கிளம்பியதும் பஞ்சவர்ணம் கணவரின் கையைப் பிடித்தாள், நின்றதும் விட்டுவிட்டாள்.

உச்சி மாடியில் திறந்திருந்த ஒரு கதவருகே சீனப் பெண்மணி ஒருவர் கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். முத்தையா தமக்குத் தெரிந்த சந்தை மலாயில் தண்ணீரைச் சொன்னார்: "ஆயர்... ஆயர்..." அந்த அம்மாள் எங்களுக்குத் தாகம் என்று நினைத்து ஒரு தம்ளர் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். பஞ்சவர்ணம் வாங்கி மரியாதையாகக் குடித்தாள். பிறகு காலித் தம்ளரைக் காட்டி, கையால் திருகிக் காட்டி, உள்ளே விரலை நீட்டினாள். அந்த அம்மாளுக்குப் புரிந்துவிட்டது. உரக்கச் சிரித்தபடி அவளைக் கையைப் பிடித்து அடுப்படிக்கு இழுத்துப் போனார்.

குழாய் திறந்தது.

மண்ணிலிருந்து பதினான்கு மாடி உயரத்தில், பறவைகள் எங்களுக்குக் கீழே பறந்துகொண்டிருக்க, ஒரு பெண்ணின் உள்ளங்கையில் தண்ணீர் விழுந்தது. ஜன்னலுக்கு வெளியே தூரத்தில் துறைமுகமும் கப்பல்களும், அவற்றுக்கும் அப்பால் வெள்ளியாகக் கடலும். நான் அமுதம் என்று பலமுறை எழுதியிருக்கிறேன். அன்றுதான் அதன் ஓசையைக் கேட்டேன். தகரத் தொட்டியில் விழுகிற சாதாரண ஓசை. பஞ்சவர்ணம் கொஞ்ச நேரம்தான் பார்த்தாள். பிறகு அவசரமாக அவளே குழாயை மூடினாள்.

"வீணாப் போகுதுல்ல," என்றாள். கணவரிடம் திரும்பி, "யாரு மேல கொண்டாந்து ஊத்துறா?"

"கீழ மெஷின் இருக்கு. தள்ளிவிடும். மொட்டை மாடியில தொட்டி."

"நமக்கு இது கிடைக்குமா? இந்தத் தடவை துணி வேணாம். நெசத்தைச் சொல்லுங்க."

முத்தையா ஜன்னல் பக்கம் திரும்பினார். "தெரியாது பஞ்சு. மனு எழுதிப் போட்டிருக்கேன். ரெண்டு வருசம் ஆகலாம், அஞ்சு ஆகலாம். கிடைக்காமலும் போகலாம். அதுவரைக்கும் அந்தப் பலகை ரூம்தான். அந்த வாளிதான்."

மேடையில் நான் கேட்காத பேச்சு அது. நான்கு மொழியிலும் யாரும் மொழிபெயர்க்கவில்லை. பஞ்சவர்ணம் மின்தூக்கியைப் பார்த்து நடந்தாள். திங்களும் செவ்வாயும் புதனும்கூட அவள் மனம் இன்னதென்று யாருக்கும் தெரியவில்லை. "வாளி பிடிக்கிறா, சமைக்கிறா, வாய் மட்டும் திறக்கல," என்று முத்தையா வந்து வந்து சொல்லிவிட்டுப் போனார்.

வியாழன் மதியம் எனக்கும் கப்பல். என் ஊரை நினைத்துக்கொண்டேன். எங்கள் பக்கம் சொர்க்கத்தைப் பாசுரத்திலும் கோபுரத்திலும் வைத்திருக்கிறோம். போக வேண்டியவர்கள் போகட்டும் என்று விட்டுவிட்டோம். இந்தத் தீவில் அதைத் தெருவுக்கு இறக்கி, விலை போட்டு, வாடகைக்கு விட்டு, ஓட்டுக்கு அடகு வைத்து, எங்கோ ஓரிடத்தில் சிமெண்டு குழைத்துக் கட்டியும்விட்டார்கள். இதில் எது பொய், எது மெய் என்று பிரிக்க எனக்குத் தெரியவில்லை. தலை நிமிர்த்திப் பார்த்துக்கொண்டே இருந்ததில் கழுத்துதான் வலிக்கிறது.

பஞ்சவர்ணம் காதர் பாயோடும் என்னோடும் டாக்சியில் துறைக்கு வந்தாள். முத்தையா வேலையிலிருந்து நேராக அங்கே வந்திருந்தார். சட்டைப் பையிலிருந்து ஒரு டிக்கெட்டை எடுத்து அவளிடம் நீட்டினார். "போறதா இருந்தா நான் தடுக்கல. எடுத்து வச்சிட்டேன்." பிறகு டாக்சிக்குள் எட்டிப் பார்த்தார். பின்பக்கம் போய்ப் பார்த்தார். "உன் பெட்டி எங்க புள்ள?"

அவள் அவருக்குப் பதில் சொல்லாமல், தன் அம்மாவுக்கென்று ஒரு சேலைப் பொட்டலத்தை என் கையில் வைத்தாள். "பத்திரமாப் போங்கய்யா," என்றாள். பிறகு டிக்கெட்டை வாங்கிக் கணவரின் சட்டைப் பையிலேயே திணித்தாள்.

"இதைக் குடுத்துட்டுக் காசை வாங்கிட்டு வாங்க. பக்கத்து ரூம் அக்கா ஆட்டுக்கல்லை அஞ்சு மணிக்குத்தான் தர்றேன்னுச்சு. அரிசி ஊறுது."